கோ பல் மருத்துவமனை

பிப்ரவரி 9

எப்படி விளிப்பது என்று தெரியாததால் விளிக்காமலே தொடங்குகிறேன். இத்தனை வருடமாக அகராதி அலுவலகத்தில் சொற்களோடு மாரடிக்கிறேன். விவாகரத்து ஆன மனைவியைக் கடிதத்தில் எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு மட்டும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

நேற்று கண்ணாடிக் கடைக்குப் போக உன் தெரு வழியாக நடக்க வேண்டி வந்தது. வேண்டுமென்று வரவில்லை. பாலத்தில் வேலை நடப்பதால் பஸ்ஸைத் திருப்பி விட்டிருந்தார்கள். உன் மருத்துவமனையில் புதுப் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறாய். 'கோ' என்ற எழுத்து ஆள் உயரத்துக்கு இருக்கிறது. உள்ளே விளக்கு வேறு. அதன் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி 'பல் மருத்துவமனை'. அத்தனை பெரிய எழுத்து எதற்கு? பல் வலிக்காரன் கண்ணில் படவா, கப்பல்காரன் கண்ணில் படவா?

அது என் பெயர். என் அப்பாவின் பெயர். அவருடைய அப்பாவின் பெயர். சாமான்களைப் பங்கு பிரித்தபோது நீ தையல் இயந்திரத்தை எடுத்துக்கொண்டாய், சாய்வு நாற்காலியை எடுத்துக்கொண்டாய், ஒரு கதவு சரியாக மூடாத அந்த இரும்பு அலமாரியைக் கூட விடாமல் எடுத்துக்கொண்டு போனாய். நான் வாயைத் திறக்கவில்லை. பெயர் அந்தப் பங்கில் கிடையாது. உன் வக்கீல் "குடும்பப்பெயரை மாத்திக்கிறீங்களாம்மா?" என்று கேட்டதற்கு நீ "பாக்கலாம்" என்றாய். நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

கண்ணாடிக் கடையில் என்ன நடந்தது தெரியுமா? சீட்டில் எழுதப் பெயர் கேட்டார்கள். சொன்னேன். கடைக்காரர் முகம் மலர்ந்துபோய், "கோ டாக்டருக்கு நீங்க என்ன வேணும்?" என்றார். "ஒண்ணும் வேண்டாம்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. நமக்குப் பிள்ளை இல்லை. என்னோடு முடியப்போகிற பெயர் அது. முடிகிறவரைக்காவது என்னிடம் இருக்கட்டும். இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் நான் நினைவுக்கு வருவதில்லை, நீதான் வருகிறாய். பலகையை இறக்கிவிடு. இல்லாவிட்டால் வக்கீல் மூலமாக எழுத வேண்டியிருக்கும்.

கோ


பிப்ரவரி 20

அகராதியாருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஒருவருக்குக் கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்டிருந்தேன். உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிடி கொஞ்சம் இறுகிவிட்டது. பாவம், அவர் என்ன பாவம் செய்தார்.

போனில் பேசுவதில்லை என்று நாம் வைத்துக்கொண்டது நல்லதுதான். பேசியிருந்தால் இரண்டாவது வாக்கியத்தில் குரல் ஏறியிருக்கும். கடிதத்தில் நீங்கள் திட்டி முடிக்கும்வரை நான் குறுக்கே பேச முடியாது. என் முறையில் நீங்கள் பேச முடியாது. இந்த ஏற்பாடு கல்யாணம் ஆன அன்றே இருந்திருக்கலாம்.

படித்து முடித்த வருடமே உங்கள் பெயரோடுதான் இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். வாய் திறந்த ஒவ்வொருவரும் கூப்பிட்டது அந்தப் பெயரைத்தான். குழந்தைகள் "கோ டாக்டர் வலிக்காம எடுப்பாங்க" என்று ஒன்றுக்கொன்று பொய் சொல்லிக்கொள்வதும் அதே பெயரில்தான். அதை எங்கிருந்து பிடுங்கித் தருவது? வேர் உள்ளே வளைந்து போன பல்லை நாங்கள் தொடமாட்டோம். எலும்பு உடையும்.

அப்புறம், அலமாரி. எதற்கு எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தீர்கள்? துணி வைக்கவா?

சைக்கிள் கடைக்கு மேலே நாம் குடியிருந்த அறை ஞாபகம் இருக்கிறதா? கீழே அவர்கள் காற்றடித்தால் நம் தரை மூச்சு விடும். பஞ்சர் ஒட்டும் பசையின் வாசம் தலையணை வரைக்கும் ஏறும். அலுவலகத்திலிருந்து நீங்கள் சட்டைப் பையில் ஒரு சீட்டோடு வருவீர்கள். ஏதோ ஒரு மொழியில் 'கோ' என்றால் என்ன என்று அதில் எழுதியிருக்கும். அன்று சாயங்காலம் முழுக்க நாம் அதுவாக இருக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. ஹங்கேரிய மொழியில் கல் என்று கொண்டுவந்தீர்கள். நான் படுக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் கெஞ்சினீர்கள். கொரிய மொழியில் உயரம் என்றீர்கள், ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று சாப்பிட்டீர்கள். சீன மொழியில் அந்தக் குடும்பப்பெயருக்கு ஓர் எழுத்து உண்டு, அதற்குக் கோடரிக் காம்பு என்று பொருள் என்றீர்கள். அன்று இரவு யார் யாருக்குக் காம்பு என்று சண்டை. பர்மியர்கள் பெயருக்கு முன்னால் அண்ணன் என்ற அர்த்தத்தில் சேர்ப்பார்கள் என்று வந்து நின்றபோது மட்டும் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டேன். "கட்டினவனை அண்ணன்னு கூப்பிட எனக்கு ஆகாது" என்றேன்.

மற்ற சீட்டெல்லாம் அந்தச் சரியாக மூடாத கதவின் உள்பக்கம்தான் ஒட்டியிருக்கிறது. திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். உங்கள் பெயரை நான் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டதாக எழுதுகிறீர்கள். அதில் பாதியை நாம் இரண்டு பேரும் அந்த அறையில் உட்கார்ந்து செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பா?

உங்கள் பழைய
பல்லு


மார்ச் 2

பல்லு என்று உன்னைக் கூப்பிட்டது நான். அந்தப் பெயரையும் நீயே வைத்துக்கொண்டிருக்கிறாய். இருக்கட்டும்.

உன் ஞாபகத்தில் பிழை இருக்கிறது. கல் என்று கொண்டுவந்த அன்று நீ மௌனமாக இருக்கவில்லை. "கல்லுக்குப் பசிக்குது" என்றாய். அப்புறம் "கல்லுக்குக் குளிருது" என்றாய். கடைசியில் என் போர்வையையும் கல் எடுத்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் பிள்ளை என்று எழுதிய சீட்டை நீ சொல்லவில்லை. அதை ஒட்டும்போது நாம் எந்த விளையாட்டும் ஆடவில்லை. அதனால் மறந்திருப்பாய், அல்லது மறக்காததால் எழுதாமல் விட்டிருப்பாய். மழை பெய்தால் அறையின் ஓட்டு விளிம்பிலிருந்து சைக்கிள் கடை மணிகள்மேல் சொட்டும். தனித்தனியாக ஒவ்வொரு மணியும் ஒலிக்கும். வேறு எந்த வீட்டிலும் நான் அப்படித் தூங்கியதில்லை.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் குடும்பப்பெயர்களுக்கென்று ஒரு தொகுதி அச்சுக்குப் போகிறது. 'கோ' பதிவை நான்தான் எழுதுகிறேன். ஒல்லிப்பயல் இப்போது தலைமைப் பதிப்பாசிரியர் அல்லவா, எனக்குப் பெரிய மனதோடு ஒதுக்கியிருக்கிறார். நான் பயிற்சி கொடுத்த பையன். முதல் நாள் சொல் எழுதும் அட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டவன். இப்போது என் பக்கங்களில் பச்சை மையில் கேள்விக்குறி போடுகிறான்.

பதிவு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மற்ற மொழிகளெல்லாம் சும்மா பக்கத்து வீடுகள். எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பெயர் தமிழ் வழியாக வந்தது. கோ என்றால் அரசன். தாத்தா இந்த நாட்டில் கப்பலை விட்டு இறங்கியபோது அவருக்கு ஒரு பெயர்தான் இருந்தது. இங்கே இரண்டு கேட்டார்கள். கூலி வேலைக்கு வந்த மனிதன், கையில் ஒரு தகரப்பெட்டி, தனக்கென்று தேர்ந்தெடுத்துக்கொண்ட சொல் அரசன். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருக்கிறது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பரம்பரைச் சொத்து அந்தத் திமிர்தான். அதைத்தான் பதிவில் எழுதியிருக்கிறேன், எங்கள் குடும்பத்தையே எடுத்துக்காட்டாகக் கொடுத்து.

இப்போது புரிகிறதா? சீட்டு ஒட்டி விளையாடியது விளையாட்டு. இது பரம்பரை. அதில் உனக்குப் பங்கில்லை. அம்மா இருந்திருந்தால் இதையே சொல்லியிருப்பாள். நீ போன பிறகு சாகும்வரை அவள் உன் பேச்சை வீட்டில் எடுத்ததே இல்லை.

இன்னும் ஒரு மாதம் பொறுக்கிறேன்.

கோ


மார்ச் 15

அகராதியாருக்கு,

இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இப்போதும் அனுப்புவேனா என்று தெரியவில்லை. நீங்கள் பதிவை அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதாமல் இருந்திருந்தால் என்னோடு போயிருக்கும்.

அத்தை என் பேச்சை எடுக்காததற்குக் காரணம் இருந்தது. என்னிடம் வந்துகொண்டிருந்தார். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாரே, நீங்கள்கூடப் பஸ் ஏற்றி விடுவீர்களே, அந்த அக்கா நான்தான். நாம் பிரிந்த பிறகும் அவருடைய பற்களைக் கவனித்தது நான். "ஊர்ல ஆயிரம் டாக்டர் இருக்கான். எவன் கையையும் என் வாய்க்குள்ள விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அவருக்கு உதடு தடித்துப் பேச்சு குழறியது. அதனாலோ என்னவோ, அப்போதுதான் சொன்னார். உங்கள் தாத்தா தன் மருமகளிடம் மட்டும் சொன்னதாம்.

தாத்தா வேலை பார்த்த கப்பல் பட்டறையில் தனி ஆளுக்கு அறை கிடையாது. பெரிய கொட்டகையில் வரிசையாகப் படுக்க வேண்டும். பெண்டாட்டியோடு வந்தவர்களுக்கும் கூடப்பிறந்தவர்களோடு வந்தவர்களுக்கும்தான் அறை. தாத்தாவுக்கு யாரும் இல்லை. கப்பலின் இரும்புத் தகட்டில் ஆணி அறைகிற வேலை அவருக்கு. தகட்டுக்கு உள்ளே ஒருவர் தாங்கிப் பிடிப்பார், வெளியே ஒருவர் அடிப்பார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. தட்டுகிற சத்தத்தில்தான் பேச்சு. வெளியே அடித்தவர் வேறு ஏதோ தேசத்துக்காரர். நெட்டை என்றுதான் தாத்தா அவரைச் சொல்வாராம். அவருடைய குடும்பப்பெயர்தான் கோ.

மழைக்காலத்தில் கொட்டகையில் தாத்தாவுக்கு இருமல் நிற்கவில்லை. நெட்டை அவரை இழுத்துக்கொண்டு அறை ஒதுக்குகிற மேஸ்திரியிடம் போனாராம்.

"இது யாரு?"

"என் தம்பி."

"மூஞ்சி ஒத்துப் போகலையே."

"இவன் வெயில்ல வளந்தான்" என்றாராம் நெட்டை.

மேஸ்திரி இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ இவன் பேரும் கோ தானே?" என்று கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தாராம். அவ்வளவுதான். அரசன் எல்லாம் இல்லை.

பல வருடம் அந்த அறையில் இருந்திருக்கிறார்கள். பிறகு நெட்டை ஊருக்குப் போய் வருகிறேன் என்று கப்பல் ஏறியவர் வரவில்லை. தாத்தா கல்யாணம் செய்துகொண்ட பிறகு, சொந்தமாக ஏதாவது பெயர் வைத்துக்கொள்ளலாமே என்று பாட்டி கேட்டதற்கு, "அவன் வந்து தேடுனா கோன்னுதானே கேப்பான்" என்றாராம்.

இதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று அத்தையைக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கோ என்றால் அரசன் என்று வாத்தியார் சொன்ன அன்று நீங்கள் தெருவில் நடந்து வந்த நடையை ஜன்னலிலிருந்து பார்த்தாராம். "அந்த நடையைக் கெடுக்க எனக்கு மனசு வரல" என்றார்.

எனக்கும் வரவில்லை. ஆனால் உங்கள் தொகுதியில் அது உண்மை என்று அச்சாகப் போகிறது. நீங்கள் ஒரு தப்பான அட்டைக்காக ஒரு வாரம் தூங்காமல் இருந்த ஆள்.

பல்லு


மார்ச் 18

மதிப்பிற்குரிய பல் மருத்துவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கதை நன்றாக இருக்கிறது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் வசதியாக இறந்துபோயிருக்கிறார்கள்.

என் சாய்வு நாற்காலி, என் அலமாரி, என் பெயர். இப்போது என் அம்மா. பஸ் நிறுத்தத்தில் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற ஒவ்வொரு தடவையும் நீங்கள் இரண்டு பேரும் எனக்குப் பின்னால் சிரித்திருக்கிறீர்கள். எங்கேயோ கேள்விப்பட்ட ஒரு நெட்டையைக் கொண்டுவந்து என் தாத்தாவின் தலையில் இருந்ததைத் தட்டிவிட்டீர்கள். எதற்கு? ஒரு பலகையைக் காப்பாற்றிக்கொள்ள.

பலகையை இறக்கவும். இனி நான் எழுதுவதாக இல்லை.


மார்ச் 29

பலகையை இறக்கிவிட்டேன்.

உங்கள் வக்கீலுக்குப் பயந்து இல்லை. அத்தை என்னை நம்பிச் சொன்னதை நான் உங்கள்மேல் எறிந்த மாதிரி ஆகிவிட்டது. அதற்கப்புறம் அதன் அடியில் உட்கார்ந்து வேலை செய்யக் கை வரவில்லை. சிரித்தோம் என்று எழுதியிருந்தீர்கள். சிரித்தது உண்டு. நீங்கள் பஸ் நிறுத்தத்தில் "வழியில எதையும் வாங்கித் தின்னாதே, பல்லு கெட்டுப்போகும்" என்று அத்தைக்குப் புத்தி சொல்லி அனுப்பியதைச் சொல்லிச் சிரித்தார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் அவர் ஜன்னல் வழியாக உங்களையே பார்த்துக்கொண்டு போவாராம்.

நான் ஏன் போனேன் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒல்லி உங்களைத் தாண்டிப் போன நாளிலிருந்து தினமும் அவரையும் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவர் என்ன சொன்னார், எப்படித் தும்மினார், யாருக்குப் பச்சை மையால் என்ன எழுதினார். மூன்று பேருக்கு அந்த வீடு போதவில்லை. சட்டைப் பையில் சீட்டோடு வருகிற ஆளுக்காகத்தான் வாசலில் காத்திருந்தேன். ரொம்ப நாள் காத்திருந்தேன்.

பெயர் உங்களுடையது என்பதால் பலகையையும் உங்களுக்கே அனுப்புகிறேன். அதில் 'பல் மருத்துவமனை' என்பது மட்டும் என்னுடையது. அறுத்துத் தர முடியுமா என்று பலகைக்காரரிடம் கேட்டேன். "மேடம், ஒரே தகடு. எழுத்தைப் பிரிச்சா விளக்கு எரியாது" என்று சொல்லிவிட்டார். அதனால் அதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.


ஏப்ரல் 12

இனி எழுதுவதில்லை என்று எழுதியிருந்தேன். எழுதுகிறேன்.

பலகை வந்து சேர்ந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் வீட்டு வாசல் வழியாக உள்ளே நுழையவில்லை. நேராக, படுக்கவைத்து, சாய்த்து, எல்லா விதமாகவும் பார்த்தார்கள். கடைசியில் மாடிப்படித் திருப்பத்தில் சுவரோடு நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஒரு மின் இணைப்பு இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் படியில் இருட்டாக இருக்கிறது என்று அதில் செருகிவிட்டார். இப்போது இரவெல்லாம் எரிகிறது. நான் என் பெயரின் வெளிச்சத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிறேன்.

தாத்தாவைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். நீ கட்டிய கதை என்று நிரூபிக்கத்தான் யோசித்தேன். எனக்கு அவரைப் பத்து வயதுவரை தெரியும். எந்த அறையிலும் சுவரோரமாகத்தான் கட்டிலைப் போடுவார். ஜன்னல் பக்கம் காலியாகக் கிடக்கும். வேர்த்துக் கொட்டும், ஆனாலும் நகரமாட்டார். சுவர்ப்பக்கக் கொக்கியில் சட்டைமேல் சட்டையாக மாட்டி வைப்பார், ஜன்னல் பக்கக் கொக்கி வெறுமனே இருக்கும். நான் ஒரு தடவை என் பள்ளிப் பையை அதில் மாட்டிவிட்டேன். திட்டவில்லை. எடுத்து என் கையில் கொடுத்து, "இது இல்லப்பா, அந்தப் பக்கம்" என்றார். கிழவருக்குக் கிறுக்கு என்று அப்பா சொல்வார். எல்லாரும் சிரிப்போம்.

யாருடைய பக்கம் அது என்று இப்போதுதான் தெரிகிறது. இதை நீ கட்டியிருக்க முடியாது. உனக்குத் தெரியாது இது. யாருக்கும் தெரியாது.

பதிவைத் திரும்ப எழுதினேன். நெட்டை எந்த நாட்டுக்காரர் என்று தெரியாமல் அவருடைய 'கோ'வுக்கு என்ன பொருள் என்று சொல்ல முடியாது. உயரமாக இருக்கலாம், கோடரிக் காம்பாக இருக்கலாம், நான் ஒருபோதும் சீட்டு எழுதாத ஏதோ ஒன்றாக இருக்கலாம். உண்மையில் உயரமான மனிதர் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அதனால் எல்லா மொழிகளையும் கொடுத்துவிட்டு, கடைசியில், ஒரு குடும்பத்தில் இது அறை கிடைப்பதற்காக ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தது, பொருள் தெரியவில்லை, என்று எழுதினேன். ஒல்லி படித்துவிட்டு என் மேசைக்கே வந்தார். "சார், பொருள் தெரியலைன்னு நம்ம அகராதியில இதுவரைக்கும் போட்டதில்லையே" என்றார். "இனிமே போடு" என்றேன். பச்சைப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார், அல்லது நான் முதல் தடவையாகக் காதில் வாங்கினேன். எனக்கு அந்த ஆளை இன்னும் பிடிக்காது. அதில் மாற்றமில்லை.

நீ வாசலில் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. நீ செருப்புத் தேடுகிறாய் என்று நினைத்தேன்.

பலகையைத் திரும்ப எடுத்துக்கொள். யார் கண்ணில் படுவதற்காக அவ்வளவு பெரிய எழுத்து என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன்.

கோ


ஏப்ரல் 17

அகராதியாருக்கு,

தாத்தாவின் கொக்கியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள்.

பலகை வேண்டாம். சும்மா சொல்லவில்லை. என் சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துப் போய்ச் சதுரமாகத் தெரிகிறது. கோபமாக இருந்தபோது இறக்கினேன், நீங்கள் மனம் இளகினீர்கள் என்பதற்காக ஏற்றினால், நாளைக்கு ஒல்லி உங்களைப் பார்த்து முறைத்தால் மறுபடி இறக்க வேண்டி வரும். பலகைக்காரருக்கும் முதுகு இருக்கிறது. நோயாளிகள் பழக்கத்தில் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள்தான் தெருவில் அலைகிறார்கள். அவர்களும் பழகிக்கொள்வார்கள்.

கொடுத்தது கொடுத்ததுதான். படிக்கட்டில் வெளிச்சமாவது இருக்கட்டும்.

பல்லு


ஏப்ரல் 19, காலை
(கீழ்வீட்டுப் பெண் கையில்)

இதைக் கொண்டுவருகிற பெண்ணை உட்கார வைக்காதே, படித்துவிட்டு அவளோடே கிளம்பு.

ஒரு வாரமாகவே நடக்கிறது, உன்னிடம் சொல்லவில்லை. வெளிச்சம் தெருவரைக்கும் விழுகிறது. முதலில் ஒரு டிரைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். டாக்டர் இல்லை என்றேன். "போர்டு எரியுதே சார்" என்றார். அப்புறம் இரண்டு பிள்ளைகளோடு ஓர் அம்மா. அந்தச் சின்னது என்னைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்துவிட்டது. எனக்கே என்மேல் பயம் வந்துவிட்டது. உன் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். நேற்று முழுக்க எனக்கு வேறு வேலை இல்லை. கீழ்வீட்டுக்காரர் என்னைக் கம்பவுண்டர் என்று கூப்பிடுகிறார்.

இன்று விடிந்ததிலிருந்து ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கத் தாடை வீங்கித் தேங்காய் மாதிரி இருக்கிறது. முகவரி கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்கிறார். "எத்தனை தடவைய்யா அலைய விடுவீங்க? அங்க போனா போர்டு இல்ல. இங்க வந்தா டாக்டர் இல்ல. ரெண்டும் ஒரே இடத்துல இருக்கிற மாதிரி பண்ண மாட்டீங்களா?" என்கிறார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கக் கொடுத்திருக்கிறேன். சரிதானே?

உன் பையோடு வா. பலகையைத் தூக்க நாலு பேரைச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் மத்தியானம்தான் வருவார்களாம். அதுவரை சாய்வு நாற்காலி இல்லாத இந்த வீட்டில் எங்கே உட்கார வைத்துப் பார்ப்பாய் என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சமாக இருக்கிறது. மேசையை நகர்த்தி வைத்திருக்கிறேன்.

டாக்டருக்கு நீங்கள் யார் என்று அவர் கேட்டார். இந்தத் தடவை கொஞ்சம் யோசித்தேன். நீ வந்தால் நீயே சொல்லிக்கொள்.